ஈறும் உடலும்: கல்வராயன் மலையடியில் நின்று ஒரு பழைய கேள்வியைப் பார்த்தல்

பல் துலக்கும்போது துப்பும் தண்ணீர் சிவந்து போகிறது. அது பல்லோடு முடிந்துவிடும் விஷயமா, உடம்பு முழுவதையும் தொடும் விஷயமா? கேட்பதற்குச் சின்னக் கேள்விதான். இதற்கு மருத்துவ உலகம் நூறாண்டுகளுக்கு மேலாக மாறி மாறி விடை சொல்லிவந்திருக்கிறது. முதலில் எல்லா நோய்க்கும் பல்லே காரணம் என்றது. பிறகு பல்லுக்கும் உடம்புக்கும் சம்பந்தமே இல்லை என்றது. இப்போது சம்பந்தம் உண்டு என்கிறது. எவ்வளவு, எந்தத் திசையில் என்பதில்தான் வழக்கு.

நம் ஊர்ப் பேச்சிலும் இந்த இரு துருவங்களும் உண்டு. மேல்வரிசைப் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்று அஞ்சுகிறவர்கள் கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் மட்டுமல்ல, தமிழ்நாடெங்கும் இருக்கிறார்கள். அது வாய்க்கும் உடலுக்கும் இல்லாத தொடர்பைக் கற்பிக்கும் அச்சம். வயதானால் பல் ஆடத்தான் செய்யும், அதற்கு மருந்து எதற்கு என்பவர்களும் அதே வீட்டில் இருப்பார்கள். அது இருக்கும் தொடர்பைக் கைகழுவும் சமாதானம். இரண்டுக்கும் நடுவில் சான்றுகள் எங்கே நிற்கின்றன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

எல்லாப் பழியும் பல்லுக்கு

வாய் நோய்களை வகைப்படுத்தும் முயற்சி மிகப் பழையது. சுஸ்ருத சம்ஹிதை வாயில் வரும் நோய்களை 65 என்று எண்ணி, அவற்றில் 15 நோய்களை ஈறுக்கு ஒதுக்குகிறது. நவீன விவாதம் 1891-இல் தொடங்குகிறது. பெர்லினில் பணியாற்றிய அமெரிக்கப் பல் மருத்துவர் வில்லோபி மில்லர், வாயில் வளரும் நுண்ணுயிரிகள் உடலின் வேறிடங்களில் நோயை உண்டாக்கக்கூடும் என்று எழுதினார். 1900-இல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹண்டர் அதையே கடுமையான குரலில் சொன்னார். 1910-இல் மான்ட்ரியாலில் அவர் ஆற்றிய உரை இக்கருத்தை வட அமெரிக்காவெங்கும் கொண்டுசென்றது. சிகாகோவின் ஃபிராங்க் பில்லிங்ஸ் இதற்கு முறையான கோட்பாட்டு வடிவம் தந்தார். ஓரிடத்தில் ஒளிந்திருக்கும் கிருமி மூட்டு, இதயம், சிறுநீரகம் எல்லாவற்றையும் தாக்கும் என்றது அக்கோட்பாடு.

விளைவு கொடுமையானது. மூட்டுவலி என்று வந்தவர்களுக்கும் பல் பிடுங்கப்பட்டது. நியூ ஜெர்சி மாநில மனநல மருத்துவமனையில் ஹென்றி காட்டன் பைத்தியத்தைக் குணப்படுத்துவதாக நம்பி நோயாளிகளின் பற்களைப் பிடுங்கினார். பிறகு டான்சில், குடல் என்று அடுத்தடுத்த உறுப்புகளுக்கும் போனார். 1938-இல் மருத்துவர்கள் செசிலும் ஆஞ்சவினும் முடக்குவாத நோயாளிகள் 200 பேரின் விவரங்களை ஆராய்ந்து, பல்லையும் டான்சிலையும் எடுத்ததால் பலன் எதுவும் தெரியவில்லை என்று காட்டினார்கள். அத்தோடு கோட்பாடு சரிந்தது.

சரிந்தபோது அதிலிருந்த நியாயமும் சேர்ந்து புதைந்துபோனது. அடுத்த அரை நூற்றாண்டு பல் மருத்துவம் தனித் தீவாக வளர்ந்தது. இந்தியாவில் 1948-இல் பல் மருத்துவர்களுக்கென்று தனிச் சட்டம், தனிக் குழுமம். அதற்கான காரணங்கள் வேறு. ஆனாலும் சர்க்கரைக்கு ஒரு வரிசை, பல்லுக்கு வேறொரு வரிசை என்று அரசு மருத்துவமனையில் நாம் காணும் ஏற்பாட்டில் அந்தப் பிரிவினை இன்றும் உயிரோடு இருக்கிறது.

இதயத்தின் வழக்கு

1989-இல் ஃபின்லாந்திலிருந்து கேள்வி திரும்பி வந்தது. மாரடைப்பு வந்தவர்களின் வாயையும் வராதவர்களின் வாயையும் ஒப்பிட்ட மட்டிலாவும் அவருடைய குழுவினரும், மாரடைப்பு வந்தவர்களின் வாய்நலம் தெளிவாக மோசமாக இருப்பதைக் கண்டார்கள். அதன்பின் கட்டுரைகள் குவிந்தன.

இரு வழிகள் முன்வைக்கப்படுகின்றன. ஒன்று, கிருமி நேராகவே இரத்தத்தில் கலப்பது. இது ஊகமல்ல, 2008-இல் அமெரிக்காவில் 290 பேரை வைத்து நடந்த ஆய்வில், பல் துலக்கிய பிறகு ஏறக்குறைய நான்கில் ஒருவருடைய இரத்தத்தில் வாய்க் கிருமிகள் காணப்பட்டன, நுண்ணுயிர்க்கொல்லி தராமல் பல் பிடுங்கிய பிறகு 60 சதவீதத்தினரிடம். சேதமடைந்த இதய வால்வு உள்ளவர்களுக்கு இப்படிக் கலக்கும் கிருமி உயிருக்கே ஆபத்தான வால்வு அழற்சியை உண்டாக்கலாம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. வாதக்காய்ச்சலால் சிறுவயதிலேயே வால்வு கெட்டவர்கள் இன்னும் வாழும் நாட்டில் இந்த ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது.

இரண்டாவது வழி அழற்சி. ஈறில் ஆண்டுக்கணக்கில் தணியாமல் கனன்றுகொண்டிருக்கும் அழற்சி, இரத்தத்தில் அழற்சிப் புரதங்களைக் கூட்டி, நாளங்களின் உட்சுவரைக் கெடுக்கிறது என்பது வாதம். ஈறு நோய் உள்ளவரின் வாயில் உள்ளங்கை அளவு புண் இருக்கிறது என்று விளம்பரங்கள் சொல்லும். 2001-இல் பல் ஆய்வாளர் ஹுயூஜோல் குழுவினர் அதை மறுபடி கணக்கிட்டபோது, 8 முதல் 20 சதுர சென்டிமீட்டர் வரைதான் வந்தது. உள்ளங்கையைவிட மிகச் சிறியது. ஆனால் அந்த அளவில் ஒரு புண் காலில் ஆறாமல் இருந்தால் எந்த வீட்டிலும் சும்மா இருக்க மாட்டார்கள்.

இந்த வழக்கின் பலவீனம் புகையிலை. பீடி பிடிப்பவருக்கு ஈறும் கெடுகிறது, இதயமும் கெடுகிறது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று எப்படிச் சொல்வது? வறுமை, சர்க்கரை, முதுமை எல்லாமே இப்படி இரு பக்கமும் கைநீட்டுபவை. ஹுயூஜோல் இன்னொரு கூர்மையான கேள்வியும் எழுப்பினார்: பல்லே இல்லாதவருக்கு ஈறு நோய் இல்லை, அப்படியானால் எல்லாப் பற்களையும் இழந்தவர்களுக்கு மாரடைப்பு குறைய வேண்டுமே? அவருடைய கணக்கில் குறையவில்லை.

சிகிச்சைச் சோதனைகளும் பாதி விடைதான் தருகின்றன. 2007-இல் டொனெட்டி குழுவினர் 120 பேரிடம் நடத்திய சோதனையில், தீவிர ஈறு சிகிச்சைக்கு மறுநாள் இரத்தநாளச் செயல்பாடு மோசமானது. ஆறு மாதம் கழித்து, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட நன்றாக இருந்தது. நாளம் சீரானது என்பதால் மாரடைப்பு குறைந்தது என்று ஆகிவிடாது. அமெரிக்க இதயச் சங்கம் 2012-இல் வெளியிட்ட அறிக்கை இதைத்தான் சொன்னது: தொடர்பு உண்டு, மற்றக் காரணிகளைக் கழித்த பிறகும் அது நிற்கிறது, ஆனால் ஈறு நோய்தான் காரணம் என்பதற்கோ, ஈறைச் சீராக்கினால் மாரடைப்பு குறையும் என்பதற்கோ சான்றில்லை.

தோட்டத் தொழிலாளிகளின் வாய் சொன்னது

ஈறு நோயை யாரும் தொடாமல் விட்டால் அது என்ன செய்யும்? இதற்கு உலகம் வைத்திருக்கும் மிகச் சிறந்த விடை தமிழர்களின் வாயிலிருந்து வந்தது. 1970-இல் பல் ஆய்வாளர் ஹரால்ட் லோ குழுவினர் இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து பஞ்சம் பிழைக்கப் போனவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். பல் துலக்கும் பிரஷ் பழக்கமில்லை, பல் மருத்துவர் பக்கத்தில் இல்லை. அதே அளவுகோலால் நார்வேயின் படித்த வர்க்கத்து ஆண்களையும் அளந்தார்கள். தோட்டத்து ஆய்வு 15 ஆண்டுகள் நீண்டது.

அளக்கும் விதத்தைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை மெதுவாக இறக்குவார்கள். ஆரோக்கியமான ஈறில் அது மூன்று மில்லிமீட்டருக்குள் நின்றுவிடும். நோயுற்ற இடத்தில் ஈறு பல்லைவிட்டு விலகிப் பையாகியிருக்கும். கம்பி நான்கு, ஆறு என்று இறங்கும். வெளியே எடுக்கும்போது பல்லோரத்தில் ஒரு சொட்டு இரத்தம் எழும். அந்தப் பைக்குள், வேரை ஒட்டி, கறுப்பாகக் கெட்டியான காறை படிந்திருக்கும்.

தொழிலாளர்களுக்குப் பல் சொத்தை அநேகமாக இல்லை. இழந்த பற்களெல்லாம் ஈறு நோயால் போனவை. எல்லோருடைய ஈறும் வீங்கியிருந்தது, எல்லோரிடமும் காறை இருந்தது. அப்படியிருந்தும் முடிவு ஒரே மாதிரி இல்லை. 8 சதவீதத்தினருக்கு நோய் வேகமாக ஓடியது. 45 வயதில் பல்லைத் தாங்கும் பிடிமானம் சராசரி 13 மில்லிமீட்டர் அளவுக்குப் போய்விட்டிருந்தது. 81 சதவீதத்தினருக்கு நடுத்தர வேகம். மீதி 11 சதவீதத்தினருக்கு ஈறு வீக்கத்தோடு சரி, எலும்பு தேயவேயில்லை.

இந்த 11 சதவீதம்தான் ஆய்வின் வைரம் என்பது என் கருத்து. அழுக்கு மட்டுமே காரணமென்றால் இவர்களுக்கும் பல் விழுந்திருக்க வேண்டும். விழவில்லையென்றால், கிருமியைக் கண்டு உடல் எவ்வளவு கொதிக்கிறது என்பதும் சேர்ந்தே நோயைத் தீர்மானிக்கிறது. அதிகமாகக் கொதிக்கும் உடல் ஈறிலும் கொதிக்கலாம், இரத்தநாளத்திலும் கொதிக்கலாம். ஈறு நோயும் இதய நோயும் தாயும் பிள்ளையுமாக இல்லாமல் ஒரே வயிற்றில் பிறந்த உடன்பிறப்புகளாக இருக்கக்கூடும் என்ற மூன்றாவது நிலைப்பாட்டுக்கு இது இடம் தருகிறது. ஆண்களை மட்டுமே பார்த்தது, உடலுழைப்பில் கழிந்த வாழ்க்கையைப் பார்த்தது என்ற எல்லைகள் இந்த ஆய்வுக்கு உண்டு. சர்க்கரை நோய் தெருவுக்குத் தெரு வந்துவிட்ட இன்றைய சமவெளிக்கு அதை அப்படியே பொருத்த முடியாது.

சர்க்கரை: இருவழிப் பாதை

சான்று மிக உறுதியாக இருப்பது இங்கேதான். கட்டுப்பாடில்லாத சர்க்கரை ஈறு நோயை மோசமாக்கும் என்பது ஐயத்துக்கு அப்பாற்பட்டது. 1993-இலேயே லோ அதைச் சர்க்கரை நோயின் ஆறாவது சிக்கல் என்று பெயரிட்டார். அரிசோனாவின் பீமா பழங்குடி மக்களிடம் நடந்த நீண்ட ஆய்வுகள் எதிர்த்திசையையும் காட்டின: கடும் ஈறு நோய் உள்ளவர்களுக்குச் சர்க்கரைக் கட்டுப்பாடு காலப்போக்கில் கெட்டது.

அப்படியானால் ஈறைச் சுத்தம் செய்தால் சர்க்கரை குறையுமா? 2013-இல் அமெரிக்காவில் 514 பேரிடம் நடந்த பெரிய சோதனை, குறையாது என்றது. 2018-இல் லண்டனில் 264 பேரிடம் நடந்த சோதனை, குறையும் என்றது: ஓராண்டு முடிவில் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு 0.6 புள்ளி குறைந்திருந்தது. 35 சோதனைகளைத் திரட்டிய 2022-ஆம் ஆண்டின் காக்ரேன் மறுபார்வை, மூன்று நான்கு மாதத்தில் 0.43, ஆறு மாதத்தில் 0.30, ஓராண்டில் 0.50 என்று கணக்கிட்டது. சர்க்கரைக்கு இன்னொரு மாத்திரை சேர்ப்பதால் கிடைக்கும் பலனுக்கு இது அருகில் வரும் என்பார்கள். ஓராண்டுக் கணக்கு சில சோதனைகளை மட்டுமே நம்பி நிற்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இரு சோதனைகளும் ஏன் முரண்பட்டன? அமெரிக்கச் சோதனையில் சிகிச்சைக்குப் பிறகும் பலருடைய ஈறில் இரத்தக்கசிவு நிற்கவில்லை என்று விமர்சகர்கள் சுட்டினார்கள். லண்டன் சோதனையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அழைத்துச் சுத்தம் செய்தார்கள். தேவைப்பட்டவர்களுக்கு ஈறு அறுவை சிகிச்சையும் செய்தார்கள். அதாவது, ஈறு உண்மையிலேயே ஆறினால்தான் உடலுக்குப் பலன். ஒருநாள் சுரண்டல் போதாது. பள்ளிக்கூடத்தில் பந்தல் போட்டு ஒரே நாளில் முடிந்துவிடும் பல் முகாம்களை நம்பியிருக்கும் இடங்களுக்கு இந்த வேறுபாடு மிக முக்கியமானது.

விரைவாகச் சில

கர்ப்பிணிகளின் ஈறு நோய்க்கும் குறைமாதப் பிரசவத்துக்கும் தொடர்புண்டு என்று 1996-இல் ஆஃபன்பாக்கர் குழு சொன்னது. 2006-இல் 823 கர்ப்பிணிகளிடம் நடந்த சோதனையில் ஈறு சிகிச்சை குறைமாதப் பிரசவத்தைக் குறைக்கவில்லை. தாய்க்கும் குழந்தைக்கும் தீங்கும் செய்யவில்லை. மறதி நோயாளிகளின் மூளையில் ஈறு நோய்க் கிருமியின் தடயம் கிடைத்ததாக 2019-இல் வந்த செய்தி பெரும் நம்பிக்கை தந்தது. அக்கிருமியின் நொதியைத் தடுக்கும் மருந்து 2021-இல் சோதனையில் தோற்றது. இவை எதிலும் பேசப்படாத ஓரிடத்தில் பலன் தெளிவாகத் தெரிகிறது: ஜப்பானின் முதியோர் இல்லங்களில் தினமும் வாயைச் சுத்தம் செய்துவிட்டவர்களுக்கு இரண்டாண்டில் நிமோனியா 11 சதவீதம், செய்யாதவர்களுக்கு 19 சதவீதம் என்று 1999-இல் வெளியானது. படுக்கையில் கிடக்கும் தாத்தா பாட்டியின் வாயைத் துடைத்துவிட எந்த மருத்துவரும் வேண்டியதில்லை.

கல்வராயன் மலையில் இக்கேள்வி

கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. மேற்கே கல்வராயன் மலை. அங்கே வாழ்பவர்கள் பெரும்பாலும் மலையாளி பழங்குடியினர். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சுமார் 3.58 லட்சம் பேர் கொண்ட, மாநிலத்தின் மிகப்பெரிய பழங்குடி. மலையடியில் கச்சிராயப்பாளையத்தில் சர்க்கரை ஆலை. மேலே வெள்ளிமலையைச் சுற்றி மரவள்ளி, சாமை, கேழ்வரகு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகு, கல்வராயன் மலை மக்களின் சாலை, மருத்துவ வசதி பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கு எடுத்து விசாரித்தது. உடல்நலம் இங்கே எதனோடெல்லாம் பின்னிக்கிடக்கிறது என்பதற்கு அந்த ஒரு கோப்பே போதும்.

இம்மலையின் ஈறுகளைப் பற்றி எதையும் சொல்லும் முன் அளவுகோலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 2002-03-இல் நடந்த தேசிய வாய்நலக் கணக்கெடுப்பு, 35 முதல் 44 வயது வரையுள்ள இந்தியரில் பத்தில் ஒன்பது பேருக்கு ஈறு பாதிப்பு என்றது. அந்தக் கணக்கில் வெறும் காறை படிந்தவரும் சேர்த்தி. உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கையோ கடும் ஈறு நோய் உலகின் வளர்ந்தோரில் ஏறக்குறைய 19 சதவீதத்தினருக்கு என்கிறது. உடலைத் தொடக்கூடியது இந்த இரண்டாவது வகையே. எல்லோரையும் நோயாளி ஆக்கும் எண்ணால் யாருக்கு முதலில் உதவுவது என்று தெரியாமல் போகும்.

வெற்றிலைப் பையை அவிழ்த்துப் பார்த்தால் சிக்கல் இன்னும் விளங்கும். வெற்றிலை, கொட்டைப்பாக்கு, சுண்ணாம்பு டப்பி, ஒரு துண்டுப் புகையிலை. கன்னத்தில் அதை அதக்கி வைக்கும் இடத்தில் ஈறு இறங்கி வேர் வெளியே தெரியும். புகையிலை இல்லாத பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வகைப்படுத்திவிட்டது. பீடி பிடிப்பவருக்கு இன்னொரு வஞ்சனை: அவருடைய ஈறில் நோய் முற்றியிருந்தாலும் இரத்தக்கசிவு குறைவாகவே தெரியும். இரத்தம் வந்தால் வாருங்கள் என்று மட்டும் பிரசாரம் செய்தால், அதிக ஆபத்தில் இருப்பவர் வரமாட்டார்.

பல் க்ளீன் பண்ணினால் பல் ஆடிப்போகும் என்ற அச்சத்தையும் மூடநம்பிக்கை என்று தள்ளக் கூடாது. அதன் பின்னால் ஓர் அனுபவம் இருக்கிறது. எலும்பு ஏற்கெனவே தேய்ந்துபோன பற்களைக் காறைதான் சிமெண்ட் போல ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்திருக்கும். அதை எடுத்ததும், வீக்கம் வற்றியதும், இடைவெளி தெரிகிறது, கூச்சம் எடுக்கிறது, மறைந்திருந்த ஆட்டம் வெளிப்படுகிறது. இதை முன்கூட்டியே சொல்லாமல் கருவியை எடுத்த மருத்துவர்களால்தான் அந்த அச்சம் வளர்ந்தது.

2023-இல் வெளியான தேசிய ஆய்வு தமிழ்நாட்டில் வளர்ந்தோரில் 14.4 சதவீதத்தினருக்குச் சர்க்கரை நோய் என்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலர் வீடு தேடிப் போய்ச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார். மேலே பார்த்த சான்றுகளை இதன் பக்கத்தில் வைத்தால், ஈறைச் சேர்க்க வேண்டிய இடம் இதுதான் என்று தோன்றுகிறது. இதய நோயைத் தடுப்போம் என்ற நிரூபிக்கப்படாத வாக்குறுதி இதற்குத் தேவையில்லை. சர்க்கரை உள்ளவருக்கு ஈறு வேகமாகக் கெடும் என்பதும், பல் போனவர் கேழ்வரகுக் களிக்கும் கரைசலுக்கும் ஒதுங்கிவிடுவார் என்பதும் தெரிந்த விஷயங்கள்.

முடிவாகாதவை

இன்றைய நிலையில் இவ்வளவு சொல்லலாம். கெட்ட வால்வு, படுக்கை நோயாளியின் நுரையீரல், சர்க்கரை: இந்த மூன்றிலும் வாய்க்குப் பங்குண்டு, முதல் இரண்டில் ஐயமில்லை, மூன்றாவதில் பலனின் அளவு பற்றித்தான் பேச்சு. இதயத்தில் தொடர்பு உண்மை, காரணம் நிலுவையில். பிரசவத்திலும் மறதி நோயிலும் சிகிச்சையால் மாற்றம் வரும் என்று சொல்ல இன்று இடமில்லை.

தீராதவற்றில் முதலாவது அந்த 11 சதவீதம். அவர்களைக் காத்தது மரபணுவா, வாயில் வாழ்ந்த கிருமிக் கூட்டத்தின் தன்மையா, வேறேதாவதா? மலையகத் தொழிலாளர்களில் 75 பேரை 2010-இல் மீண்டும் தேடிப் பார்த்தார்கள். கேள்வி இன்னும் தீரவில்லை. மலையாளி மக்களிடையே ஏலகிரியில் பல் ஆய்வு நடந்திருக்கிறது. ஆனால் ஒருமுறை அளந்துவிட்டுப் போகும் ஆய்வால், எது முன், எது பின் என்று சொல்ல முடியாது. ஒரே ஊரில் ஆண்டுக்கணக்கில் ஈறையும் சர்க்கரையும் சேர்த்து அளக்க வேண்டும்.

இரண்டாவது, நடைமுறை சார்ந்தது. லண்டனில் கிடைத்த 0.6 புள்ளி மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்குக் கிடைத்தது. கூலி வேலையை ஒருநாள் விட்டு, மலையிலிருந்து பஸ் பிடித்துக் கச்சிராயப்பாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு வர வேண்டிய பெண்ணுக்கு அதில் எவ்வளவு கிடைக்கும்? வாயைப் பார்க்காமல் சில கேள்விகள் கேட்டே ஈறு நோயைக் கணிக்க முடியுமா என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சோதித்திருக்கிறது. அந்தக் கேள்விகளைக் குளுக்கோமீட்டரோடு வீட்டு வாசலில் நிற்கும் தன்னார்வலர் கேட்டால், வெற்றிலை போடும் பாட்டியும் பீடி பிடிக்கும் தாத்தாவும் சொல்லும் பதில் எந்த அளவுக்கு நோயைக் காட்டிக்கொடுக்கும் என்பதை வெள்ளிமலையில் கேட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.